முன்கரும்பு

வெயில்முத்துவுக்கு,

மத்தியானச் சோறு உண்ட களைப்பில் நீ பாயில் குப்புறக் கிடந்து தூங்குகிறாய். வாயோரம் எச்சில் வடிந்து பாய் நனைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உன்னால் இப்போது படிக்க முடியாது. இரண்டு வயதுதான் ஆகிறது உனக்கு. அப்பா, பஸ்ஸு, ஆடு, உப்பு என்று கொஞ்சம் சொற்கள்தான் உன்னிடம் இருக்கின்றன. உனக்கு மீசை முளைத்து, வீட்டில் பெண் பார்க்கிற பேச்சு எழும் நாளில் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதுவரை நான் இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மா போனது இருபத்தாறு வயதில். அதனால் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் நாம் இருவரும் கோவில்பட்டியை விட்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறோம். அங்கே இருக்கிற காற்றாலைகளுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாம் போன பிறகு இங்கே இரண்டு பேச்சு நிற்கும். உன் அம்மா அம்மனுக்கு நேர்ந்த கடனை உன் அப்பன் சன்னதியில் வைத்தே கெடுத்தான் என்பது ஒன்று. அதை யார் உன்னிடம் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றைத்தான் என்னால் விட முடியவில்லை. தாயில்லாப் பிள்ளையைக் கோமதி ஊரறிய வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்பார்கள். உன் சித்தியைப் பற்றிய அந்தப் பேச்சு, நீ வளர்ந்து ஆளாகிற நாளில் உன் காதிலும் விழும். அது விழுவதற்கு முன்னால் பங்குனிக் கடைசிச் செவ்வாய் அன்று வெயிலுகந்த அம்மன் கோயிலில் நடந்தது என்ன என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கோயில் விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவே, உன் அம்மா பிறந்த ஊரின் காட்டுக்குள் இருக்கிறது. சுற்றிலும் பருத்தியும் மிளகாயும் கம்பும் போடுகிற மானாவாரிக் கரிசல். எந்தக் காலத்துக் கோயில் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மதில் உண்டு, வாசல் உண்டு, கல்தூண்கள் உண்டு. அம்மனுக்கு மேலே மட்டும் கூரை கிடையாது. நடுவில் ஒரு பீடம், அதன்மேல் ஆத்தா, அவளுக்கு நேர் மேலே வானம். கல்யாணமான புதிதில் உன் அம்மா என்னை அங்கே கூட்டிப் போனாள். வெயில் தாங்காமல் நான் குடையை விரித்தேன். பூசாரி தூரத்திலிருந்தே கையை ஆட்டி மடக்கச் சொன்னார். ஆத்தாவே வெயிலில் நிற்கும்போது அவள் முன்னால் யாரும் நிழல் பிடிக்கக் கூடாதாம். உன் அம்மா அன்று முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு பண்ணையார் அம்மனுக்குக் கொட்டகை போட்டாராம், ஆடி மாதத்தில் அது பறந்து போய்க் கண்மாய்க்குள் விழுந்ததாம். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்து, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிறவன். மரமில்லாத பொட்டலில் நாலு காலில் நிற்கிற கொட்டகையை அடியில் புகுந்த காற்று தூக்கத்தான் செய்யும் என்று அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, அந்தக் காத்த அனுப்புனது யாரு?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "காட்டுல களை எடுக்கிற பொம்பளைக்கு ஏது கூரை? அவுகளுக்குத் துணையா நிக்கவ மட்டும் நெழல்ல இருந்தா நல்லாவா இருக்கும்?" உன் அம்மாவுக்குச் சாமி என்றால் அவ்வளவுதான். கூட நிற்கிற ஒருத்தி.

நாலு வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அப்போதுதான் அவள் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்டாள். அதை உனக்கு விளங்கச் சொல்ல வேண்டும். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, தாயின் கல்யாணக் கூறைச்சேலையை அதில் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை உள்ளே போட்டு அம்மனைச் சுற்றி வருவார்கள். பின்முனை தகப்பன் தோளில். முன்முனை தாய் தோளில். அதற்குப் பெயர் முன்கரும்பு. கூடவே பிள்ளையின் எடைக்கு எடை உப்பு கொண்டுபோய்ச் சுற்றி முடித்ததும் பீடத்தடியில் கொட்ட வேண்டும். சுற்றுகிற நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பங்குனிக் கடைசியில் நம் பக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அம்மன் முன்னால் நட்டிருக்கிற சூலத்தின் நிழல் குறுகிக் குறுகிக் கடைசியில் அதன் அடிக்குள்ளேயே போய்விடும். நிழல் கிழக்கே எட்டிப் பார்ப்பதற்குள் சுற்றி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மனிதர் நிழல் ஆத்தா மேல் விழாது என்பார்கள். பூசாரி கடிகாரம் பார்ப்பதில்லை, சூலத்தைத்தான் பார்ப்பார்.

நீ பிறந்தாய். அந்தப் பங்குனியில் உன்னைத் தொட்டிலில் போட்டுச் சுற்றுவதாக இருந்தோம். அதற்கு முந்தைய மாசியில் உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாரம்கூட இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத இன்னும் எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருசம் கோயில் படி மிதிக்கக் கூடாது என்பதால் கடன் அப்படியே நின்றது. அந்த ஒரு வருசம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், எனக்கே சரியாகத் தெரியாது. வேலைக்குப் போனேன். காற்றாலைக் கோபுரத்தில் ஏறினேன், எண்ணெய் அளவு பார்த்தேன், போல்ட்டை முறுக்கினேன், இறங்கினேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்றேன். உன் அத்தை, அதாவது என் அக்கா, உன்னைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறேன் என்றாள்; சரி என்றேன். இந்த வீட்டு மின்விசிறி பேரிங் தேய்ந்து கடகடவென்று கத்திக்கொண்டே இருந்தது. இரைச்சலைக் கேட்டே எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏணி போட்டுக் கழற்றத்தான் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை இங்கே கூட்டி வந்தால் அதற்குக் கீழேயே படுக்க வைத்தேன்.

தலைத்திவசம் முடிந்ததும் உன் அம்மாவின் அப்பா ஊரிலிருந்து வந்தார். மாமா ஆட்டுக்கிடை போடுகிறவர், பேச்சு குறைவு. அவரும் அக்காவும் அடுப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். பிறகு என்னிடம் வந்து, பங்குனியில் கடனை முடித்துவிடலாம், கோமதி வந்து ஒத்தாசை செய்வாள் என்றார். சரி என்றேன். கோமதி உன் அம்மாவுக்கு அஞ்சு வயது இளையவள். டீச்சர் டிரெயினிங் கடைசி வருசம் படிக்கிறாள். ஒத்தாசை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

புறப்படுகிற நாள் காலையில் உன்னை மளிகைக் கடைத் தராசில் உட்கார வைத்தோம். ஒரு தட்டில் நீ, மறு தட்டில் கல் உப்பு. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நீ தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். கடைக்காரர் உப்பை அள்ளிப் போடப் போட நீ மேலே எழும்பினாய், எழும்ப எழும்ப இன்னும் கத்தினாய். "அண்ணாச்சி, பய உப்புக்குப் பயப்படுதானே, பெரியவனாயி எப்படிச் சோறு திங்கப் போறான்?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முந்தின நாளே ஊரிலிருந்து வந்திருந்த கோமதி உன்னைத் தூக்கிக்கொண்டாள். முள் நடுவில் நின்றதை நான் பார்த்தேன். அன்று காலையில் நான் கவனித்துப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும்வரை கோமதி ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னலோரம் உன்னை நிறுத்தி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அது அக்கா எடுத்துக் கொடுத்த சேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் மடியில் உப்புப் பை, காலடியில் உன் அம்மாவின் கூறைச்சேலை சுற்றிய பொட்டலம். அதற்குள்ளிருந்து வந்த அந்துருண்டை வாசனையையே முகர்ந்துகொண்டு வந்தேன். எதிரே மிளகாய் வத்தல் மூட்டைகளோடு இருந்த ஒரு பெண் கோமதியிடம், பிள்ளை உன்னைப் போலவே இருக்கிறது என்றாள். அக்கா முந்திக்கொண்டு, "ஆமா, இருக்காதா பின்ன" என்றாள்.

கோயிலில் கூட்டம். முளைப்பாரி எடுத்து வந்த பெண்கள் மதிலோரம் வரிசையாக இறக்கி வைத்திருந்தார்கள். இருட்டறையில் வைத்து வளர்த்த வெளிர்மஞ்சள் பயிர், அன்றைக்குத்தான் முதன்முதலாக வெயிலைப் பார்க்கிறது. பொங்கல் பானைகளின் புகை நேராக மேலே போனது, காற்றே இல்லை. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து மூன்று கரும்புகளைச் சேர்த்துக் கயிறு சுற்றிக் கட்டினேன். கட்டுவதில் மட்டும் என் கை தானாக வேலை செய்தது. கணுக்கள் ஒரே இடத்தில் வராதபடி மாற்றி மாற்றி வைத்தேன், முனைகளைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். தொட்டிலை நடுவில் கட்டி உன்னை உள்ளே உட்கார வைத்தோம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கைக்குழந்தைகள். நீ ஒருவன்தான் எட்டிப் பார்த்து எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தாய்.

எங்கள் முறை வந்தது. சூலத்தின் நிழல் ஒரு சாணாகக் குறைந்திருந்தது. முன்கரும்பு யார் பிடிக்கிறது என்று பூசாரி கேட்டார். சின்னவள் பிடிக்கிறாள் என்றார் மாமா. பூசாரி கோமதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நல்லது என்று தலையாட்டிவிட்டு மஞ்சள் கயிற்றை நீளமாக அறுத்தார். சுற்றி முடித்ததும் கரும்பு பிடித்த இருவர் கையையும் சேர்த்து அந்த ஒரே கயிற்றில் சுற்றுவது அங்கே வழக்கம். பின்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். கோமதி முன்முனையைத் தோளில் வாங்கினாள், நான் பின்முனையை வாங்கினேன்.

கிளம்புவதற்கு முன் பூசாரி முன்கரும்பு பிடிப்பவரைப் பார்த்து யார் பிள்ளை என்று கேட்பார். ஆத்தா கொடுத்தாள், நான் பெற்றேன் என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். பூசாரி கேட்டார். கோமதி வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். அக்கா பக்கத்தில் போய், சொல்லுட்டி, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று விலாவில் இடித்தாள். கோமதி கரும்பைத் தோளிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், இதச் சொல்லிட்டா நான் ஒங்க வீட்டுக்காரி. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாது" என்றேன். அது உண்மை, முத்து. அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

"எங்கிட்டயும் யாரும் கேக்கல" என்றாள்.

ஒரு வருசமாக என்னைச் சுற்றி எல்லாரும் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் எனக்குக் கேட்டது. இந்த ஒரு பேச்சு பக்கத்தில் கேட்டது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பூசாரியைப் பார்த்தேன். கோமதியின் புதுச் சேலையைப் பார்த்தேன். அவள் கழுத்து வியர்த்து, கரும்பின் சாம்பல் பூச்சு தோளில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நான் இன்னும் ஒரு தரம் பேசாமல் இருந்தால் போதும், அவள் படிப்பும் அவள் வாழ்க்கையும் அந்தக் கயிற்றுக்குள் போய்விடும். அதன் பிறகு அவளை வேறு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். நான் அதற்கும் சரி என்று சொல்லியிருப்பேன்.

"நான் கேக்கேன்" என்றேன். "ஒனக்கு இஷ்டமா, கோமதி?"

"இல்ல அத்தான்." குரல் உயரவில்லை. "முத்துன்னா எனக்கு உசுரு. குடுங்க, நான் கொண்டுபோயி வளக்கேன். ஆனா ஒங்கள நான் அக்கா மாப்ளன்னுதான் பாத்திருக்கேன். அவ எடத்துல நின்னுக்கிட்டு, நான் பெத்தேன்னு ஆத்தாகிட்டப் பொய் சொல்ல எனக்கு முடியாது."

அவள் சொன்னது இவ்வளவுதான். இதில் உன்னை வேண்டாம் என்று சொன்ன வார்த்தை எங்கே இருக்கிறது என்று நீயே தேடிப் பார். இதை உனக்கு எழுதி வைக்கத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

மாமாவின் முகம் கறுத்துப் போனது. உன் அக்கா நேர்ந்த கடனடி இது என்று தொடங்கியவர், பாதியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்மேல் உனக்குக் கோபம் வரக்கூடாது. எனக்கு நாளைக்கு வேறு எங்கிருந்தோ ஒருத்தி வந்தால், மூத்த மகளின் பிள்ளை தன் கைக்கு எட்டாமல் போய்விடும் என்று அவர் பயந்தார். கிடையில் தாய் செத்த குட்டியை வேறு ஆட்டின் மடியில் விட்டுப் பழக்கி ஆளாக்குகிறவர். தெரிந்த வழியில்தான் உன்னைக் காப்பாற்றப் பார்த்தார். எனக்கும் இஷ்டமில்லை மாமா என்று அவரிடம் சொன்னேன். அக்கா, இவனுக்கு எதில்தான் இஷ்டம் இருக்கிறது, ஒரு வருசமாகத் தூண் மாதிரி நிற்கிறான் என்று சத்தமாகவே சொன்னாள். கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வலிக்கவில்லை. அவள் சொன்னது சரிதான்.

பூசாரி சூலத்தைப் பார்த்தார். "பேச்செல்லாம் பெறவு வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நெழல் திரும்பிட்டுன்னா அடுத்த பங்குனிதான்" என்று மாமாவிடம் சொன்னார். அடுத்த பங்குனியில் உனக்கு மூன்று வயது. ஓடித் திரிகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதில்லை. அன்று சுற்றவில்லை என்றால் உன் அம்மாவின் கடன் கடனாகவே நின்றுவிடும். நிழல் நான்கு விரல் அளவுக்கு வந்திருந்தது. கோமதி தோளிலிருந்து கரும்பை இறக்கித் தரையில் வைத்தாள். தொட்டில் தரையில் உட்கார்ந்தது. உனக்குச் சந்தோஷம், மண்ணை அள்ளினாய்.

நான் உப்புப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் தராசு முள் நடுவில் நின்றது ஞாபகம் வந்தது. இரண்டு பேர் முனைகளில் தூக்கினால் பாரம் நடுவில் இருக்க வேண்டும். ஒரே ஆள் நடுவில் தூக்கினால் பாரம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே எடையாக இருந்தால் கழுத்து சாயாது. தோளுக்குப் பக்கமாகக் கட்டினால் கரும்பும் ஒடியாது. ஒரு வருசத்துக்குப் பிறகு என் மண்டைக்குள் ஏதோ ஒன்று சுற்ற ஆரம்பித்தது, உற்பத்தி நின்று கிடந்த காற்றாலை மெல்லத் திரும்புவதைப் போல. தொட்டிலை அவிழ்த்துப் பின்பக்கம் தள்ளிக் கட்டினேன். உப்பை முன்பக்கம் கட்ட வேண்டும், பையின் காது தாங்காது. நான் துணியைத் தேடுவதைப் பார்த்த கோமதி குனிந்து, "சேலையிலயே கட்டலாம் அத்தான். முந்தி மிச்சம் இருக்கு, எட்டும்" என்றாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பில் நீ இருந்தாய். மறு தலைப்பில் அவள் உப்பை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

ஒத்தை ஆள் சுற்றுகிற வழக்கம் இங்கே இல்லையே தம்பி என்றார் பூசாரி. கூடாது என்று வழக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். அம்மனைத் திரும்பிப் பார்த்தார். அப்படியும் இல்லை என்றார். நான் காவடி தூக்குவது போலக் குனிந்து கரும்புகளின் நடுவில் தோளைக் கொடுத்து எழுந்தேன். முன்னால் உப்பு, பின்னால் நீ. கரும்பு முனகியது, ஒடியவில்லை.

"யாரு பிள்ளை?" என்று பூசாரி கேட்டார். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"ஆத்தா குடுத்தா. செண்பகம் பெத்தா. நான் வளக்கேன்."

உன் அம்மா செத்த நாளிலிருந்து அவள் பெயரை நான் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட 'அவ' என்றுதான் சொல்லியிருக்கிறேன். பூசாரி ஒதுங்கி வழிவிட்டார்.

கல் பாவிய தரை வெறுங்காலைச் சுட்டது. நின்றால் சுடும், நடந்துகொண்டே இருந்தால் பொறுக்கலாம். நீ பின்னால் எட்டிக் குனியும்போதெல்லாம் முன்னால் உப்பு மேலே போனது. நீ உள்ளே சாயும்போது உப்பு தாழ்ந்தது. என்னால் உன்னைப் பார்க்க முடியவில்லை. உப்பு ஆடுவதைப் பார்த்துத்தான் நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். உன் அம்மா நின்றிருக்க வேண்டிய இடத்தில் உன் எடை தொங்கிக்கொண்டிருந்தது. முதல் சுற்றின் பாதியில் பாரம் திடீரெனக் கொஞ்சம் இளகியது. திரும்பிப் பார்த்தால் அக்கா. முணுமுணுவென்று என்னைத் திட்டிக்கொண்டே தொட்டிலுக்கு அடியில் கையைக் கொடுத்துக் கூடவே வந்தாள். மூன்று சுற்றும் அந்தக் கையை எடுக்கவில்லை, திட்டையும் நிறுத்தவில்லை. என் நிழல் என் காலுக்குக் கீழேயே கிடந்தது. சூலத்துக்கு நிழலே இல்லை.

இறக்கி வைத்தபோது தோள் தோலுரிந்திருந்தது. உப்பைக் கொட்ட வேண்டியது முன்கரும்பு பிடித்தவர். முன்னால் யாரும் பிடிக்கவில்லையே என்று எல்லாரும் நின்றபோது, நான் கொட்டலாமா என்று கோமதி பூசாரியைக் கேட்டாள். சித்திக்காரி தாராளமாகக் கொட்டலாம் என்றார். அவள் முடிச்சை அவிழ்த்து, உன்னை இடுப்பில் வைத்தபடியே பீடத்தடியில் கொட்டினாள். ஏற்கெனவே அங்கே குவிந்து கிடந்த உப்பில் உன்னுடையது எது என்று தெரியாமல் கலந்தது. நீ கையை நீட்டி ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டாய். முகத்தைச் சுளித்தாய், துப்பினாய், மறுபடியும் எடுத்தாய். "உப்புலே, உப்பு" என்றாள் அவள். "உப்பு" என்று நீ திருப்பிச் சொன்னாய். அவள் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. அக்காவும் அழுதாள். உன் அம்மாவுக்காக இரண்டு வீட்டாரும் சேர்ந்து அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை, இன்னும் வரவில்லை. மஞ்சள் கயிற்றைப் பூசாரி என் கையிலும் உன் கையிலும் சேர்த்துச் சுற்றினார். உன் மணிக்கட்டுக்கு அது மிகவும் பெரிது.

திரும்பும்போது விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் வழியனுப்ப வந்த மாமா தனியாகப் போய் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் உனக்கு ஒரு சேவுப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்னவளுக்கு மாப்ள பாக்கையில நீங்களும் கூட வரணும் மாப்ள."

"அவகிட்டக் கேட்டுட்டு வாரேன் மாமா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, கேட்டுக்கிடுங்க. அவ வேற இப்பம் நல்லாப் பேசுதா" என்றார்.

மறுநாள் ஏணி போட்டு மின்விசிறியைக் கழற்றினேன். புதுப் பேரிங் போட்டேன். இப்போது நீ தூங்குகிற அறையில் சத்தம் இல்லை, உன் மூச்சு கேட்கிறது. அதன் பிறகுதான் உன்னை அக்கா வீட்டிலிருந்து இங்கே கூட்டி வந்து, மாற்றலுக்கும் எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு வருத்தம். ஆனால் வளர்க்கிறேன் என்று அம்மன் முன்னால் சொன்னவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், குழம்பு கற்றுக்கொள்ள வேண்டும். கோமதி பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் சித்தியாக வருகிறாள், சித்தியாகவே அவளைக் கொண்டாடு. உன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அப்போது அவளிடம் போய்ச் சொல், வெயிலுகந்தாள் கதையை அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை, முத்து. எல்லாரும் சரி என்று தலையாட்டுகிற இடத்தில், யாரிடம் கேட்கவில்லை என்று ஒரு தடவை சுற்றிப் பார். துக்கத்தில் இருக்கும்போது கட்டாயம் பார். நாம் மரத்துப் போயிருக்கும் நேரத்தில்தான் நம் பெயரால் அடுத்தவர் தோளில் பாரம் ஏறுகிறது.

அந்தக் கூறைச்சேலை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரு தலைப்பில் உப்புப் பூத்திருக்கிறது, மறு தலைப்பில் நீ மூன்றாம் சுற்றில் இருந்த ஒன்றுக்குக் கறை. துவைக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி, ஒரு பிள்ளை பிறந்து, அதற்குத் தொட்டில் கட்ட அந்தச் சேலையை எடுக்கலாமா என்று உனக்குத் தோன்றலாம். எடு. எடுப்பதற்கு முன்னால் உன் பெண்டாட்டியிடம் கேள். அவள் தன் சேலையில்தான் கட்டுவேன் என்றால், செண்பகத்தின் சேலையை மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டு, பின்கரும்பைத் தோளில் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நட.

உன் அப்பா